உல்லாசக் கப்பல் உணவுக்கூடத்தின் பழைய வழக்கங்கள் ஏன் மறைகின்றன?

தோ பாயோ வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என் பெற்றோரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஓர் உல்லாசக் கப்பலில் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். அறை, கட்டணம் முதலியவற்றைப் பயண முகவரிடமே கேட்டுக்கொள்வேன். இங்கே நான் கேட்க விரும்புவது இரவு உணவைப் பற்றி மட்டுமே.

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில் நாங்கள் சென்ற கப்பல்களில், பிரதான உணவுக்கூடத்தில் எங்களுக்கென்று ஒரு மேசை எண் இருந்தது. பயணம் முடியும்வரை அதே மேசை, அதே நேரம், அதே வெயிட்டர், அடுத்த மேசையில் அதே குடும்பம். ஓர் இரவில் ஆண்கள் கோட்டு அணிந்தும் பெண்கள் பட்டு உடுத்தியும் வருவார்கள். கேப்டன் வந்து எல்லாருக்கும் வாழ்த்துக் கூறுவார். இன்னோர் இரவில் கூடத்தின் விளக்குகளைத் தணித்துவிட்டு, பேக்டு அலாஸ்கா என்னும் இனிப்பைத் தோளுயரத்தில் ஏந்தியபடி வெயிட்டர்கள் அணிவகுத்து வர, அமர்ந்திருப்பவர்கள் கைக்குட்டைகளைச் சுழற்றி வரவேற்பார்கள். அண்மையில் என் தங்கை குடும்பத்துடன் சென்று வந்தாள். இவற்றில் எதையுமே தாங்கள் காணவில்லை என்றும், ஒவ்வோர் இரவும் வாசலில் வரிசையில் நின்று, கிடைத்த மேசையில் அமர்ந்து, கைப்பேசியில் உணவுப் பட்டியலைப் பார்த்துச் சாப்பிட்டு வந்ததாகவும் அவள் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்த வழக்கங்கள் எதனால் மறைந்தன? அவற்றை இன்னும் காப்பாற்றும் கப்பல்கள் உண்டா? என் மாமியார் முட்டைகூடச் சேர்க்காத சைவ உணவு உண்பவர். முன்பெல்லாம் முதல் இரவில் ஒருமுறை சொன்னால் போதும். மறுநாளிலிருந்து வெயிட்டரே பார்த்துக்கொள்வார். இரவுக்கு ஒரு வெயிட்டர் என்னும் இன்றைய முறையில் அவரைப் போன்ற முதியவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.


சிராங்கூன் பயணி எழுதியது:

வணக்கம் அம்மா. இந்த மாற்றத்தின் வேர்களில் ஒன்று நம் சிங்கப்பூர்த் துறைமுகத்திலேயே இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நிலையான மேசையும் இரண்டு பந்தி முறையும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்த பயணிக் கப்பல்களிலிருந்து வந்தவை. எல்லாரும் ஒரே வேளையில் அமர இடம் போதாத கப்பல்களில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று பிரித்தார்கள். கடல் கொந்தளிக்கும்போது தட்டுகள் வழுக்காமல் இருக்க, மேசை விளிம்பில் மரச்சட்டம் பொருத்துவதும் விரிப்பை நீரில் நனைத்துப் போடுவதும் அக்காலத்து உணவுக்கூடத்தினர் கையாண்ட வழிகள். கரையே தென்படாமல் நாட்கணக்கில் செல்லும் பயணத்தில் இரவு உணவே அன்றைய நாளின் பெரிய நிகழ்ச்சி. 1935-இல் முதற்பயணம் புறப்பட்ட நார்மண்டி என்னும் பிரெஞ்சுக் கப்பலின் முதல் வகுப்பு உணவுக்கூடம் ஏறத்தாழ 93 மீட்டர் நீளமுடையது. 700 பேர் அமரக்கூடிய அக்கூடத்துக்குச் சன்னல்களே இல்லை. கண்ணாடி விளக்குத் தூண்களின் ஒளியில்தான் அது மின்னியது. உயர்ந்த வாயிலிலிருந்து படிகளில் இறங்கிக் கூடத்துக்குள் நுழைவதைப் பெண்கள் அலங்காரத்துடன் ஒரு காட்சியாகவே நிகழ்த்தினார்கள். பின்னர் ஜெட் விமானங்கள் வந்து அந்தக் கப்பல்களின் தொழிலைப் பறித்துக்கொள்ள, எஞ்சிய கப்பல்கள் உல்லாசப் பயணத்துக்கு மாறின. மாறியபோது உடை வழக்கம், கேப்டன் சில பயணிகளோடு அமர்ந்து உண்ணும் மேசை, பந்தி முறை எல்லாவற்றையும் உடன் கொண்டுவந்தன.

1993-இல் தொடங்கப்பட்ட ஸ்டார் குரூஸஸ் நிறுவனம் சிங்கப்பூரை முக்கியத் தளமாகக் கொண்டு கப்பல்களை இயக்கியது. அதன் பயணிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று இரவுகளுக்குப் பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாக வரும் ஆசியக் குடும்பத்தினர். ஒரு வீட்டுக்குள்ளேயே சீன உணவு கேட்பவர், சைவம் கேட்பவர், ஹலால் உணவு கேட்பவர் எனப் பல சுவையினர் இருக்கும் இவ்வட்டாரத்தில், எல்லாரையும் ஒரே கூடத்தில் ஒரே மணிக்கு அமர்த்திப் பல கட்ட ஐரோப்பிய விருந்தைப் பரிமாறுவது பொருந்தவில்லை. எனவே 1998-இல் வந்த சூப்பர்ஸ்டார் லியோ, 1999-இல் வந்த சூப்பர்ஸ்டார் விர்கோ ஆகிய கப்பல்களில் பல உணவகங்கள் அமைந்தன. விர்கோவில் இந்திய உணவுக்கெனத் தனி உணவகமும் இருந்தது. 2000-இல் இதே நிறுவனம் நார்வீஜியன் குரூஸ் லைனைத் தன்வசமாக்கியது. விரும்பிய நேரத்தில், விரும்பிய இடத்தில், விரும்பியவர்களோடு உண்ணலாம் என்னும் ஃபிரீஸ்டைல் முறையை நார்வீஜியன் அறிமுகப்படுத்தியது அதே ஆண்டில்தான். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அமெரிக்காவின் மற்றப் பெரிய நிறுவனங்களும் பழைய பந்தி முறையோடு சேர்த்து, விரும்பிய நேரத்தில் உண்ணும் நெகிழ்வான நேர முறை ஒன்றையும் வைத்துக்கொண்டன.

ஆனால் பயணிகள் எல்லாரும் பழைய முறையை வெறுத்தார்கள் என்று கூறுவது சரியன்று. 2014-இல் குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பல் வந்தபோது, ராயல் கரீபியன் நிறுவனம் பிரதான உணவுக்கூடத்தையே கைவிட்டு, அதற்குப் பதிலாக நான்கு தனி உணவகங்களை அமைத்தது. ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாக முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது, வெயிட்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், பயணிகள் சலித்துக்கொண்டார்கள். ஓரிரண்டு ஆண்டுகளில் அத்திட்டத்தை விட்டுவிட்டுப் பழைய முறைக்கே திரும்பினார்கள். பின்னாளில் பெருந்தொற்றுக் காலத்தில், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சிங்கப்பூருக்கே திரும்பிய பயணங்களில் நம்மில் பலர் ஏறிய கப்பலும் இதே குவாண்டம்தான். இவ்வளவு பெரிய நிறுவனத்தையே பின்வாங்கச் செய்யும் அளவுக்கு நிலையான மேசைக்கு வலு இருந்திருக்கிறது என்பதை நான் மகிழ்ச்சியுடன் நினைத்துப் பார்க்கிறேன்.


முன்னாள் கப்பல் பணியாளர் எழுதியது:

சிராங்கூன் அன்பர் வரலாற்றை எழுதிவிட்டார். நான் உணவுக்கூடத்தின் உட்புறத்திலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூருக்கு வந்து குடியேறுவதற்கு முன்பு உல்லாசக் கப்பலில் துணை வெயிட்டராகச் சேர்ந்து, பின்னர் வெயிட்டராகப் பணியாற்றியவன் நான். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை.

மேசை நிலையாக இருந்த காலத்தில் ஒரு வெயிட்டரும் ஒரு துணை வெயிட்டரும் சேர்ந்து சில மேசைகளுக்குப் பொறுப்பு. முதல் பந்தி மாலை ஆறு மணியளவில், இரண்டாம் பந்தி எட்டரை மணியளவில். முதல் இரவில் நாங்கள் பெயர்களைக் கற்போம். இரண்டாம் இரவில் யாருக்குக் குளிர்நீர் வேண்டாம், எந்தக் குழந்தை எந்த ரொட்டியைத் தொடாது என்பது தெரிந்துவிடும். மூன்றாம் இரவில் கேட்காமலேயே எடுத்து வைப்போம். உங்கள் மாமியாரைப் போன்ற சைவர்களுக்கு அக்காலத்தில் இருந்த ஏற்பாடு மிகவும் எளிமையானது. இன்றைய உணவு முடிந்ததும் தலைமை வெயிட்டர் நாளைய உணவுப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டுவார். அதில் எதை முட்டையும் பாலாடையும் இல்லாமல் செய்ய முடியும் என்று பேசி முடிவெடுத்து, மேசை எண்ணோடு எழுதிச் சமையலறைக்கு அனுப்புவார். மறுநாள் அந்தத் தட்டு அந்த மேசை எண்ணைத் தாங்கி வரும். பருப்பும் சாதமும் கறியும் கேட்பவர்களுக்கு இந்தியச் சமையற்காரர் தனியாகச் செய்து தருவார். மேசை எண் ஒன்று நிலையாக இருந்ததால்தான் இவ்வளவும் பிசகாமல் நடந்தது.

இந்த முறை எங்கே அறுந்தது என்பதைப் பலர் உடையிலும் இனிப்பிலும் தேடுகிறார்கள். நான் அதை அன்பளிப்புப் பணத்தில் காண்கிறேன். முன்பு கடைசி இரவில் பயணிகள் ஒரு கடித உறையில் பணம் வைத்து வெயிட்டர் கையில் கொடுப்பார்கள். பயணம் முழுவதும் ஒரே வெயிட்டர் பரிமாறினால்தான் அது முடியும். ஒவ்வோர் இரவும் வேறு இடத்தில் உண்ணும் பயணி யாருக்கு உறை கொடுப்பார்? ஆகவே நெகிழ்வான நேர முறை வந்த கப்பல்களில், ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணத்தை அறைக் கணக்கிலேயே சேர்க்கத் தொடங்கினார்கள். பின்னர் பந்தி முறையை வைத்திருந்த கப்பல்களிலும் அதுவே வழக்கமாயிற்று. பணியாளர்களுக்கு வருமானம் சீராகக் கிடைத்தது என்பதையும் நான் சொல்லியே ஆக வேண்டும். கடைசி இரவில் உணவுக்கூடத்துக்கே வராமல் தவிர்த்துவிடும் பயணிகளால் எங்களுக்கு ஏற்பட்ட இழப்பு கொஞ்சமன்று. ஆயினும் ஒரு குடும்பத்தை ஒரு வாரம் நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவையும் அந்த உறையோடு போய்விட்டது. ஒரு வெயிட்டர் கவனிக்க வேண்டிய மேசைகள் கூடக் கூட, நினைவில் வைத்திருக்க நேரமும் இல்லாமற் போயிற்று.

பேக்டு அலாஸ்காவைப் பற்றி. கேக்கின் மேல் பனிக்கூழ் வைத்து, அதன் மேல் சர்க்கரை சேர்த்து அடித்த முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசி, மேற்பரப்பை மட்டும் சூட்டில் பழுப்பாக்கிய இனிப்பு அது. (ஆகவே உங்கள் மாமியார் அதை உண்ண முடியாது, அணிவகுப்பைக் கண்டு மகிழலாம்.) ஒரு காலத்தில் அதன் உச்சியில் உண்மையான நெருப்பை ஏற்றித் தூக்கிச் சென்றார்கள். கடலில் செல்லும் கப்பலுக்குத் தீயைவிடப் பெரிய பகை வேறில்லை. இருட்டிய கூடம், நெருக்கமான மேசைகள், சுழலும் துணிகள், நடுவே தணலேந்திய தட்டுகள் என்பதை எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் விரும்பமாட்டார். எனவே நெருப்புக்குப் பதில் மின்கல விளக்கு வந்தது. பிறகு அணிவகுப்பே பல கப்பல்களில் நின்றது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அணிவகுப்பு நடக்கும் நேரத்தில் கூடமெங்கும் பரிமாறுதல் நின்றுவிடும். எல்லாரும் ஒரே வேளையில் அமர்ந்து ஒரே வேளையில் இனிப்புக்கு வரும் பந்தி முறையில் அது இடைஞ்சலாக இல்லை. ஒரு மேசையில் சூப்பும் அடுத்த மேசையில் காப்பியுமாக ஓடிக்கொண்டிருக்கும் நெகிழ்வான முறையில் அணிவகுப்புக்கு ஏற்ற வேளை என்று ஒன்று கிடையாது.

நள்ளிரவு விருந்தும் போய்விட்டது. தர்ப்பூசணியில் பூக்களும் பறவைகளும் செதுக்கி, பனிக்கட்டியில் அன்னம் வடித்து வைப்பார்கள். உண்பதற்கு முன்னர் ஒரு மணிநேரம் படம் எடுக்க மட்டும் பயணிகளை உள்ளே விடுவார்கள். செதுக்கியவர்களில் பிலிப்பீன்ஸ் நண்பர்களின் கைத்திறனை நான் இன்றும் வியக்கிறேன். இரவு உணவு உண்டு மூன்று மணிநேரம்கூட ஆகாதவர்களுக்காக விரிக்கப்பட்ட அந்த விருந்தில் பெரும்பகுதி வீணானது. அது நின்றதில் எனக்கு வருத்தமில்லை. செதுக்கும் கலைக்கு வேறோர் இடம் கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் உண்டு.


ரஜூலா பேரன் எழுதியது:

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. எனினும் நாம் ஏக்கத்துடன் பேசும் இந்த வழக்கங்கள் யாருக்காக ஏற்பட்டவை என்பதையும் நினைவில் வைத்துப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் சிங்கப்பூருக்கு வந்தவர். 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடிய அந்தக் கப்பலைப் பற்றி இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களில் ஏதேனும் ஒரு நினைவு இருக்கும். அதில் அறைகளில் பயணம் செய்தவர்கள் சிறு தொகையினர். பெருந்தொகையானோர் தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள். வெள்ளை விரிப்பும் வெள்ளிக் கரண்டியும் இருந்த உணவுக்கூடம் அறைப் பயணிகளுக்கு உரியது. எங்கள் தாத்தா அதன் கதவைத்தான் பார்த்தார். அட்லாண்டிக் கப்பல்களிலும் கீழ்த்தட்டில் குடிபெயர்ந்து சென்றவர்களின் நிலை வேறாக இருக்கவில்லை. ஆகையால் உடை விதி தளர்வதைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. செலிபிரிட்டி நிறுவனம் 2015 இறுதியில் முறையான உடை இரவுகளை விட்டுவிட்டது. வேறு சில நிறுவனங்கள் பெயரை மாற்றி, கோட்டு இல்லாதவர்களையும் ஏற்றுக்கொள்கின்றன. வேட்டியும் சட்டையுமாக வரும் என் தந்தையை வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்க்காத ஒரு கூடமே எனக்குப் போதும்.

ஆனால் மேசையைப் பொறுத்தவரை முன்னாள் பணியாளரின் பக்கமே நான் நிற்கிறேன். முன்பின் அறியாத எட்டுப் பேரை ஒரு மேசையில் அமர்த்தி, அடுத்தடுத்த இரவுகளிலும் அவர்களையே சந்திக்க வைத்தது அந்த முறை. அதனால் என் பெற்றோருக்கு ஒரு பெரனாக்கான் (மலாய்ப் பண்பாடு கலந்த சீன வம்சாவளி) தம்பதியின் நட்பு கிடைத்தது. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இன்றுவரை இரு வீட்டாரும் போய் வருகிறார்கள். தனியாகப் பயணம் செய்யும் முதியவர்களை எண்ணிப் பாருங்கள். நெகிழ்வான முறையில் அவர்கள் தனி மேசையில் உண்கிறார்கள் அல்லது அறைக்கே தட்டை வரவழைத்துக்கொள்கிறார்கள். மாற்றத்தினால் உண்மையாகவே இழந்தவர்கள் அவர்கள்தாம். கப்பல் நிறுவனங்கள் கோட்டைக் கைவிடட்டும், நெருப்பைக் கைவிடட்டும். பலர் சேர்ந்து அமரும் பெரிய மேசையைக் கைவிட வேண்டாம் என்று நாம் பயணக் கருத்துப் படிவங்களில் எழுதிக் கேட்க வேண்டும்.


தோ பாயோ வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் வருத்தத்தின் பெரும்பகுதி அணிவகுப்பைப் பற்றியதன்று, மாமியாரின் தட்டைப் பற்றியதே என்பது உங்கள் பதில்களைப் படித்த பிறகு தெளிவாயிற்று. அப்படியானால் இன்றைக்கு நிலையான மேசையை எப்படிக் கேட்டுப் பெறுவது? மூன்று நான்கு இரவுப் பயணத்திலும் அது கிடைக்குமா?


பிடோக் இல்லத்தரசி எழுதியது:

கிடைக்கும், அம்மா. நாங்கள் எப்பொழுதும் அப்படித்தான் செல்கிறோம். நிலையான பந்தியையும் நெகிழ்வான நேரத்தையும் ஒருங்கே வைத்திருக்கும் கப்பல்களில், பதிவு செய்யும்போதே எது வேண்டும் என்று கேட்பார்கள். முகவர்கள் பலர் நம்மைக் கேட்காமலேயே நெகிழ்வான நேரத்தைக் குறித்துவிடுகிறார்கள். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே நிலையான பந்தி வேண்டும் என்று எழுத்தில் தெரிவியுங்கள். முதியவர்கள் இருந்தால் முதல் பந்தி நல்லது. ஆனால் அது விரைவில் நிரம்பிவிடும்; விடுமுறைக் காலத்தில் குழந்தைகள் உள்ள குடும்பங்களும் அதைத்தான் கேட்பார்கள். உறவினர்கள் வெவ்வேறு பதிவு எண்களில் வருவதாக இருந்தால், அந்த எண்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்களை ஒரு மூலையிலும் உங்கள் பெற்றோரை இன்னொரு மூலையிலும் அமர்த்திவிடுவார்கள்.

சைவ உணவுத் தேவையையும் பதிவிலேயே குறிக்க வேண்டும். "சைவம்" என்று மட்டும் எழுதினால் முட்டையும் பாலாடையும் வந்துவிடும்; முட்டை இல்லாத இந்தியச் சைவம் என்று விளக்கமாக எழுதச் சொல்லுங்கள். வெங்காயம், பூண்டு தவிர்ப்பவராக இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். நாளைய பட்டியலை இன்றே காட்டும் வழக்கம் உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்காக இன்னும் பல கப்பல்களில் தொடர்கிறது. அவர்களாகக் கொண்டுவராவிட்டால் தலைமை வெயிட்டரை அழைத்துக் கேளுங்கள்; தயங்க வேண்டாம்.

பழைய முறையைக் காக்கும் கப்பல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குனார்ட் நிறுவனத்தின் கப்பல்களில் முறையான உடை அணியும் விருந்து இரவுகள் இன்றும் உண்டு; கிரில் என்னும் உயர் வகுப்பு அறைகளில் செல்பவர்களுக்குப் பயணம் முழுவதும் ஒரே மேசை ஒதுக்கப்படுகிறது. ஆனால் அவற்றின் பயணங்கள் நீண்டவை, கட்டணமும் கூடுதல். குழந்தைகளுடன் செல்பவர்கள் டிஸ்னி கப்பல்களின் முறையைக் கேட்டறியலாம். 1998-இல் வந்த முதல் கப்பலிலிருந்தே அவர்கள் பயணிகளை இரவுக்கு ஒரு கூடமாகச் சுற்றி அனுப்புகிறார்கள். கூடம் மாறினாலும் வெயிட்டர்கள் நம்முடனேயே வருகிறார்கள். பிள்ளைகளுக்குப் புதுமையும் பெரியவர்களுக்குப் பழகிய முகமும் ஒருசேரக் கிடைக்கும் இந்த ஏற்பாட்டை மற்ற நிறுவனங்கள் ஏன் பின்பற்றவில்லை என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

மூன்று இரவுப் பயணத்தைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானதே. வெயிட்டர் நம் பெயரைக் கற்பதற்குள் பயணம் முடிந்துவிடும். முடியுமானால் நான்கைந்து இரவுகளுக்குக் குறையாத பயணமாகத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. கப்பலில் ஏறிய அன்று பிற்பகலில், பெட்டிகள் அறைக்கு வருவதற்கு முன்பே, உணவுக்கூடத்தின் வாசலுக்குச் சென்றுவிடுங்கள். மேசை மாற்றம் கேட்பவர்களுக்காகக் கூடத்தின் பொறுப்பாளர் வழக்கமாக அந்நேரத்தில் அங்கே இருப்பார். மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். கதவுக்கு அருகில், படி ஏறி இறங்கத் தேவையில்லாத மேசையாகக் கேளுங்கள். அன்று மாலைக்குள் வரிசை நீண்டுவிடும்.